அதியமான் கைவாசம்: ஆடவர் மேனியில் செண்ட் நிற்கும் நேரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

ஆண்கள் பூசிக்கொள்ளும் வாசனை அவர்கள் மேனியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்னும் வினாவை, தருமபுரி மாவட்டம் அதியமான்கோட்டையைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வேதியியல், தேசிய நெடுஞ்சாலை, புறநானூறு ஆகிய மூன்றும் சான்றுகள். நேரம் பாட்டிலைப் பொறுத்தது என்பது வணிகர் கொள்கை. தோலைப் பொறுத்தது என்பது அறிவியலார் கொள்கை. பூசியவன் கையைக் கொண்டுபோய் எங்கே வைத்தான் என்பதைப் பொறுத்தது என்பது இவ்வாய்வாளர் துணிபு.

1. ஆய்வுச் சிக்கல்

பேருந்து நிறுத்தத்துப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்களில் மாலை வேளையில் நடக்கும் உரையாடல் ஒன்றை முதற்கண் பதிவு செய்வோம். வாங்க வந்த இளைஞன் மணிக்கட்டை நீட்டுகிறான். கடைக்காரர் சாம்பிள் பாட்டிலை ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஒரு தடவை அடிக்கிறார். இளைஞன் ஒரு மணிக்கட்டை இன்னொன்றில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறான்.

"ண்ணா, எவ்ளோ நேரம் நிக்கும்?"

"நாள் பூரா நிக்கும் தம்பி."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. காலேஜ் போய்ச் சேர்றதுக்குள்ள போயிருச்சு."

"வேர்வையோட அடிச்சிருப்ப. குளிச்சிட்டு அடிக்கணும்."

இவ்வுரையாடலை நுணுகி நோக்குவார்க்குச் சில புலனாகும். நேரம் கேட்கப்பட்டது, மணிக்கணக்கு சொல்லப்படவில்லை. "நாள் பூரா" என்பது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் நாள் என்பது வரையறுக்கப்படவில்லை. வாசம் நின்றால் பெருமை பாட்டிலுக்கு, நிற்காவிட்டால் பழி வேர்வைக்கு என்னும் ஏற்பாடு வணிகர் வகுத்த நீதிகளுள் மிகப் பழையதாகும். இத்தனைக்கும் இளைஞன் மறுபடியும் அதே பாட்டிலையே வாங்கிச் செல்கிறான் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வாய்வுக்கு அதியமான்கோட்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் மூன்று. முதலாவது, சாமந்தியும் சம்பங்கியும் குண்டுமல்லியும் பயிராகும் மாவட்டம் இது. விடியுமுன் பறித்த பூவை வாசம் இறங்குமுன் தருமபுரி பூ மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று மொபட்டை முறுக்குகிற விவசாயிக்கு, வாசத்துக்குக் காலக்கெடு உண்டு என்பதை எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது, ஊரை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலை. அதன் பயன் மூன்றாம் பகுதியில் விளங்கும். மூன்றாவது, தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. ஆடவர் நறுமண வரலாற்றில் இவருக்குள்ள இடத்தைச் செண்ட் கம்பெனிகள் இன்னும் அறியவில்லை. தகடூரே இன்றைய தருமபுரி என்பதும், அதற்குச் சற்றுத் தெற்கே அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரே நமது ஆய்வுக்களம் என்பதும் அறிஞர் அறிந்தவை.

2. முன்னோர் மொழிந்தவை

மேலைநாட்டு ஆடவர் வாசனையின் வரலாற்றை ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து தொடங்குவது மரபு. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபாரினா குடும்பத்தார் 1709இல் அங்கே தொடங்கிய கடையிலிருந்து புறப்பட்டதே ஓடிகொலோன். எலுமிச்சை, ஆரஞ்சு இனத்துத் தோல், பூ ஆகியவற்றின் எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்தது. நெப்போலியன் இதைத் தாராளமாக ஊற்றிக்கொண்டவர் என்பர். தமிழ்நாட்டில் இதற்கு வேறு பதவி கிடைத்தது. ஐரோப்பியன் கழுத்தில் தடவியதைத் தமிழன் தண்ணீரில் கலந்து, துணியை நனைத்து, காய்ச்சல்காரன் நெற்றியில் போட்டான். இதைப் பிழையான பயன்பாடு என்று கொள்ளற்க. ஓடிகொலோன் நெற்றியைக் குளிர்விப்பது அது நிற்பதால் அன்று, போவதால். சாராயம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சீக்கிரம் போய்விடுகிறது என்று மற்றவர் குறை சொன்ன பண்பையே மருந்தாக்கிய பெருமை நம் பாட்டிமாரைச் சாரும்.

வாசனைத் திரவியங்களை அடர்த்தி வைத்துத் தரம் பிரிப்பர். பொதுவாக ஓடிகொலோனில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 வரை. ஓ டி ட்வாலெட்டில் 5 முதல் 15 வரை. ஓ டி பர்ஃபாமில் 15 முதல் 20 வரை. பர்ஃபாம் என்று மட்டும் எழுதியிருந்தால் 20க்கு மேல். இதற்கேற்ப நேரமும் நீளும்: கொலோனுக்கு 2 மணி, ட்வாலெட்டுக்கு 3 முதல் 5, ஓ டி பர்ஃபாமுக்கு 5 முதல் 8, பர்ஃபாமுக்கு அதற்கும் மேல். நம் இளைஞன் கையில் அடிக்கப்பட்ட பாடி ஸ்ப்ரே பெரும்பாலும் இப்பட்டியலின் வாசலில் செருப்பருகே நிற்பது.

பாட்டிலுக்குள் இருப்பது ஒரு வாசம் அன்று, மூன்று. இவற்றைத் தலைமணம், இடைமணம், கடைமணம் எனலாம். அடித்தவுடன் மூக்கில் ஏறும் எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா தலைமணம். அது அடங்கியபின் வரும் பூவும் மசாலாவும் இடைமணம். கடைசியில் தோலோடு ஒட்டிக்கிடக்கும் சந்தனம், கஸ்தூரி, வெனிலா வகை கடைமணம். முச்சங்கங்களுள் முதலிரண்டைக் கடல் கொண்டதாகச் சொல்வதுபோல முதலிரண்டு மணத்தையும் காற்று கொண்டுவிடும். கடைச்சங்கத்தை வைத்தே காலம் தள்ள வேண்டும்.

காரணம் மூலக்கூறுகளின் எடையிலும் கொதிநிலையிலும் உள்ளது. சாராயம் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எலுமிச்சைத் தோலின் லிமோனீன் 176இலும், பல பூக்களில் உள்ள லினலூல் 198இலும், வெனிலின் 285இலும் கொதிக்கும். தோலின் மேற்புறம் 32, 33 டிகிரிதான் என்றாலும், கொதிக்காமலே ஆவியாவது எதற்கும் இயல்பு. கொதிநிலை குறைந்தது முந்திக்கொள்ளும். ஃபேன்சி ஸ்டோரில் கண்ணை மூடி முகர்ந்த இளைஞன் மயங்கியது தலைமணத்துக்கு. காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றது கடைமணத்தை. பெண் பார்க்கும் படலத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு எனினும் அது வேறோர் ஆய்வுக்கு உரியது.

3. அளவுகோல்

மணிக்கணக்கு நம் மக்களின் மனத்தில் பதிவதில்லை. "அஞ்சு மணி நேரம்" என்றால் தலையாட்டுவார்கள். "கரூரைத் தாண்டியும் வரும்" என்றால் புரிந்துகொள்வார்கள். ஆதலின் இவ்வாய்வு தேசிய நெடுஞ்சாலை 44ஐ அளவுகோலாகக் கொள்கிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் இச்சாலை அதியமான்கோட்டை வழியாகப் போகிறது. இதன் தென்பகுதி முன்பு 7ஆம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது. அது காசியில் தொடங்கியது என்பதை நினைவில் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

அதியமான்கோட்டையில் காலையில் குளித்து, செண்ட் அடித்து, தெற்கே போகும் பேருந்தில் ஒருவர் ஏறுவதாகக் கொள்வோம். மலிவான பாடி ஸ்ப்ரே நல்லம்பள்ளி தாண்டும்போதே தளரத் தொடங்கி, தொப்பூர் கணவாயில் லாரிகளின் பின்னே ஊர்ந்து, தீவட்டிப்பட்டியோடு கண்ணை மூடும். ஓடிகொலோன் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி டீ குடிக்கப் போய்விடும். ட்வாலெட் நாமக்கல் கோட்டையைப் பார்த்துக்கொண்டே கரூர் சேரும்; நல்ல சரக்காக இருந்தால் திண்டுக்கல்லில் பூட்டு வாங்கும். ஓ டி பர்ஃபாம் மதுரை, விருதுநகர் வரை தாங்கும். பர்ஃபாம் திருநெல்வேலியில் அல்வா வாங்கிக்கொண்டு நாகர்கோவில் பக்கம் போய்ச்சேரலாம்.

இக்கணக்கு ஜன்னலோரம், மிதமான வெயில், அமைதியான மனம் ஆகியவற்றுக்கு மட்டுமே செல்லும். தருமபுரியின் ஏப்ரல், மே வெயிலுக்கு ஓரிரு ஊர்களைக் கழித்துக்கொள்ள வேண்டும். சூடு கூடக்கூட வாசம் அதிகம் வீசும்; வீசுவதாலேயே சீக்கிரம் தீரும். கோடையில் "ஆளையே தூக்குது" என்று பாராட்டப்பட்டவர் அரைமணியில் அநாதையாவது இதனால்தான். கூடவே வேர்வை. வேர்வைக்குத் தனியே வாடை அதிகமில்லை. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சமைத்துப் பரிமாறும்போதுதான் கப்பு கிளம்புகிறது. ஆகவே குளிக்காமல் அடிக்கும் செண்ட், கப்பை விரட்டுவதில்லை. அதற்குத் துணைக்கு ஆள் அனுப்புகிறது. இவ்விடத்தில் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் கூற்று பாதி உண்மை என்பதை ஆய்வு நேர்மையின் பொருட்டு ஒப்புக்கொள்கிறோம்.

4. ஆடவர் நால்வகை

வாசனை பூசும் ஆடவரைப் பீச்சுவோர், பூட்டுவோர், பஞ்சுவைப்போர், பூசுவோர் என நால்வகைப்படுத்தலாம்.

பீச்சுவோர் தொகையால் மிக்கவர். பிரான்சில் 1983இல் பிறந்த ஆக்ஸ் 1999இல் இந்தியா வந்தது முதல் இவ்வினம் பெருகிற்று. அதுவரை குட்டிக்கூரா பவுடரைக் கழுத்தில் வெள்ளையடித்துக்கொண்டு திரிந்த இளைஞர், சட்டைக்குள் கையை விட்டு உஸ்ஸென்று அடிக்கக் கற்றனர். 2011இல் ஃபாக் வந்து, கேஸ் இல்லாத ஸ்ப்ரே என்றும், ஒரு பாட்டிலில் 800 தடவை அடிக்கலாம் என்றும் விளம்பரம் செய்து சந்தையைப் பிடித்தது. இதில் உலக அறிஞர் கவனிக்கத் தவறிய நுட்பம் ஒன்றுண்டு. மேலைநாட்டான் தோலில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்கிறான். நம்மவன் பாட்டில் எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்கிறான். நேரத்தை அளந்து காட்ட முடியாது. 800ஐ எண்ணிப் பார்த்துவிடலாம். எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணலாம் என்ற உரிமையே போதுமானதாக இருந்தது.

பூட்டுவோர், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்த ஃபாரின் செண்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவர். அது நிலப்பத்திரம், கல்யாண ஆல்பம், அம்மாவின் பட்டுப்புடவை ஆகியவற்றுக்கு நடுவே, அட்டைப்பெட்டி கலையாமல் இருக்கும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் வெளியே வரும். ஒரு தடவை அடித்ததும் "போதும், போதும், காலியாயிரும்" என்னும் குரலோடு உள்ளே போகும். தோலில் படாத செண்ட் தோலிலிருந்து போகவே போகாதாகையால், நெடுங்காலம் நிற்பது இதுவே என இவ்வகையார் வாதிடுவர். வேதியியல் இதை மறுக்கிறது. பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும், கோடையில் தகிக்கும் இரும்பு பீரோவின் சூடும் சேர்ந்து முதலில் எலுமிச்சை இனத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்துவிடும். பேரன் கல்யாணத்துக்கு எடுக்கும்போது பாட்டிலில் இருப்பது செண்ட்டின் வாரிசுதாரர் மட்டுமே.

பஞ்சுவைப்போர் அத்தர் மரபினர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் பெரியவர், விரல்நுனி அளவு பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுக் காதுமடலின் மடிப்பில் செருகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இதனினும் நேர்த்தியான கருவியைப் பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிக்கவில்லை. அத்தரில் சாராயம் இல்லை. கன்னோஜ் நகரத்தார் பூவைச் செம்புக் கலத்தில் நீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. சந்தனம் விலையேறியபின் திரவ பாரஃபின் போன்றவையும் அவ்விடத்தில் அமர்ந்துவிட்டன. எண்ணெய் மெல்லவே விட்டுக்கொடுக்கும். பஞ்சு அதைச் சேமித்துவைக்கும். காதுமடல் வெயிலுக்கும் வேர்வைக்கும் ஒதுங்கிக் கிடக்கும். நெடுஞ்சாலைக் கணக்கில் இவர் கன்னியாகுமரி போய், அறையெடுத்துத் தூங்கி, மறுநாள் சூரியோதயமும் பார்க்கலாம்.

பூசுவோர் சந்தனம், ஜவ்வாது, புனுகு ஆகியவற்றின் வழியினர். புனுகுப் பூனையின் சுரப்பிலுள்ள சிவெட்டோனும் கஸ்தூரி மானின் மஸ்கோனும் பெரிய வளைய மூலக்கூறுகள் என்று கண்டறிந்த லியோபோல்ட் ருசிச்கா 1939இல் நோபல் பரிசு பெற்றார். பெரிய உடம்புக்காரர் பந்தியிலிருந்து சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார், அம்மூலக்கூறுகளும் அப்படியே. திருப்பதிப் பெருமாளுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப்பின் புனுகு சாத்துவது வழக்கம். ஒரு வாரம் தாங்கும் சரக்கைத் தேர்ந்தெடுப்பதில் ஆகமத்தாருக்கும் ருசிச்காவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சந்தனத்தைப் பற்றி மட்டும் இந்த மாவட்டத்தில் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. 1992இல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வாச்சாத்தி கிராமத்துக்குள் நுழைந்த அரசுத் துறையினர் செய்த கொடுமைகளை அறிந்தவர், அம்மரத்தின் வாசம் சில இடங்களில் எவ்வளவு காலம் போகாது என்பதையும் அறிவார். ஆய்வு அடுத்த பகுதிக்கு நகர்கிறது.

5. அளக்க வேண்டியவர் யார்

அற்றேல், பூசியவனே தன் வாசத்தைத் தான் அளந்துகொள்ளட்டும் எனின், அற்றன்று. மாறாமல் வந்துகொண்டிருக்கும் எந்த வாசத்தையும் மூக்கும் மூளையும் சில நிமிடங்களில் கணக்கிலிருந்து எடுத்துவிடும். புதிதாக வரும் புகையையோ புலி வாடையையோ கண்டுகொள்வதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. இதனால் பூசியவனுக்குத் தன் செண்ட் போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை, அவன் மூக்குதான் விடுப்பில் போயிருக்கிறது. இதை அறியாமல் அவன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மறுபடியும் அடிப்பான். அப்போது பேருந்தின் முன்வாசலிலிருந்து ஒரு குரல் வரும்:

"யாருப்பா அது செண்ட் பாட்டில ஒடச்சது? ஜன்னலத் தொறங்க!"

ஆதலால் ஒரே செண்ட்டுக்கு இரண்டு நேரங்கள் உண்டு என்பது பெறப்படும். பூசியவன் நேரம், பக்கத்து சீட் நேரம். முன்னது எப்போதும் குறைவு, பின்னது எப்போதும் மிகுதி. இவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாடே சமுதாயத்தில் பல மனக்கசப்புகளுக்குக் காரணம். செண்ட் நிற்கும் நேரத்தைப் பூசியவனிடம் கேட்பது, குறட்டையின் அளவைத் தூங்குபவனிடம் கேட்பதற்கு ஒப்பாகும்.

6. காலபைரவர் சந்நிதிச் சோதனை

காலம் பற்றிய ஆய்வைக் காலத்துக்கு அதிபதியின் முன்னிலையில் சோதித்துப் பார்ப்பதே முறை. அதியமான்கோட்டையில் தட்சிணகாசி காலபைரவர் கோயில் இருக்கிறது. காசியிலிருந்து பைரவரைக் கொண்டுவந்து அதியமான் நிறுவியதாகத் தலவரலாறு சொல்லும். காசியில் புறப்பட்ட பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலை இந்தத் தென்காசியை உரசிக்கொண்டு சென்றது நெடுஞ்சாலைத் துறையின் திட்டமா பைரவரின் திட்டமா என்பது தீர்மானிக்கப்படவில்லை.

தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் நெரியும். வெண்பூசணியை இரண்டாகப் பிளந்து, உள்ளே தோண்டி, எண்ணெய் ஊற்றித் திரிபோட்டு ஏற்றிய விளக்குகள் வரிசை வரிசையாக எரியும். பூசணிச் சதை சூட்டில் வெந்து ஒரு வாடை, எண்ணெய்ப் புகை ஒரு வாடை, கற்பூரம், திருநீறு, தலையில் வைத்த மல்லி, நெருக்கும் தோள்களின் வேர்வை. இச்சூழலில் எந்த பாட்டிலின் வாசமும் வந்த சுவடு தெரியாது. அது தோலில் இருக்கலாம். மூக்கு அதைப் பிரித்தெடுக்காது. வெளியே வந்து, செருப்பு மாட்டி, காற்றாட நடக்கும்போது சட்டையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் பார்க்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு வாசத்துக்குப் பகை என்பது பொது நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. வறண்ட தோல் வாசனையைச் சீக்கிரம் விட்டுவிடும். எண்ணெய்ப்பசையுள்ள தோல் பிடித்துவைத்துக்கொள்ளும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டைத் தேய்த்து அதன்மேல் செண்ட் அடித்தால் ஒன்றிரண்டு ஊர்கள் கூடுதலாகக் கிடைக்கும். தலைமுடி தோலைவிடவும் நன்றாகப் பிடித்துவைக்கும். இவ்வாய்வின் தலையாய சான்றுக்குச் செல்ல இந்த இரண்டு உண்மைகளும் வழிகாட்டும்.

7. தலையாய சான்று

புறநானூற்றின் 235ஆம் பாடல், அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. கொஞ்சமாகக் கிடைத்த கள்ளைத் தான் குடிக்காமல் எங்களுக்குத் தந்தான், அம்பும் வேலும் வரும் இடத்தில் தான் போய் நின்றான் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிற ஔவையார், நடுவில் ஒரு வாசனைக் குறிப்பைத் தருகிறார். நரந்தம் மணக்கும் கையால், புலால் வாடையடிக்கும் தம் தலையை அவன் தடவிக்கொடுப்பானாம்.

பூசியவர் யார், எந்த உறுப்பில், எந்தப் பொருள், அதை முகர்ந்து அறிந்தவர் யார், எங்கே படிந்தது ஆகிய ஐந்தும் ஒரே குறிப்பில் கிடைப்பது ஆய்வாளர் பெறற்கரிய பேறு. பூசியவர் கற்பனைப் பாத்திரம் அல்லர் என்பதற்கும் சான்றுண்டு. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்றே பெயர் சொல்கிறது. அசோகர் கல்வெட்டுகள் தெற்கே குறிப்பிடும் சதியபுத்திரர் யார் என்ற வழக்கும் அதனோடு தீர்ந்தது.

இனி, நரந்தம் என்பது எது? நாரத்தை இனத்துப் பூ என்பர் ஒருசாரார். மணமுள்ள ஒருவகைப் புல் என்பர் மற்றொரு சாரார். கஸ்தூரி என்பாரும் உளர். மூன்றும் மணக்கும், மூன்றின் ஆயுளும் வேறு. நாரத்தையின் உறவுக்காரப் பூவைத்தான் கொலோன் நகரத்தார் 1709க்குப்பின் பாட்டிலில் அடைத்தனர். அது சேலத்தில் இறங்கிவிடும். எலுமிச்சைப்புல் வகையானால் சிட்ரால் என்னும் பொருளால் மணக்கும். அதுவும் நாமக்கல்லுக்குமேல் போகாது. கஸ்தூரியானால் நாள்கணக்கில் நிற்கும். ஔவையார் இதைச் சொன்னது அதியமான் மறைந்தபின் ஆதலால், அதுவரை நின்றது கஸ்தூரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவசரக்காரர் முடிவு கட்டுவர்.

அற்றன்று. இங்கே மணம் நின்ற இடம் அதியமான் மேனி அன்று, ஔவையார் தலை. அது முடி, முடி தோலைவிட வாசம் தாங்கும் என்று கண்டோம். அதிலும் புலால் வாடையடிக்கும் முடி. அஃதாவது கொழுப்புப் பிசுக்குள்ள முடி. பிரான்சின் கிராஸ் நகரத்தார் மல்லிகையையும் சம்பங்கியையும் காய்ச்சினால் வாசம் கெடும் என்பதால், கண்ணாடிப் பலகையில் விலங்குக் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களைப் பரப்பி, வாடியவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து, கொழுப்பில் வாசத்தை ஏற்றினர். ஆன்ஃப்ளெராஜ் எனப்படும் இம்முறையின் தேவைகள் இரண்டு: மணமுள்ள பூ, மணமற்ற கொழுப்பு. தகடூர்ச் சோதனையில் இரண்டாவது தேவை முழுமையாக நிறைவேறவில்லை என்பதை மறைக்கப்போவதில்லை. ஆயினும் முறை ஒன்றே. மேனாட்டார் பலகையில் செய்ததை அதியமான் புலவர் தலையில் செய்தார். செலவும் குறைவு.

இதன் விளைவு யாது? உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது அந்த வாசம் இருந்தது. இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் மேடைப் பேச்சாளர் வரை அதை முகர்கின்றனர். ஏறத்தாழ 2000 ஆண்டுகள். இதை நமது அளவுகோலில் குறிக்க முயன்றபோது ஒரு சிக்கல் எழுந்தது. நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கடல்.

8. தடையும் விடையும்

அது வாசம் அன்று, வாசத்தின் நினைவு எனின், விடை: முகர்தலுக்குரிய நரம்பு, உணர்ச்சியையும் நினைவையும் காக்கும் மூளைப் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது; கண்ணுக்கும் காதுக்கும் அவ்வளவு குறுக்குவழி கிடையாது. பழைய சட்டையை மோந்து பார்த்து, போனவரை நினைத்து அழாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? ஆகவே நினைவும் கடைமணத்தின் பாற்படும்.

பாட்டு ஒரு வேதிப்பொருள் அன்றே எனின், விடை: ஆவியாவதைத் தடுத்து வாசத்தை நிறுத்திவைப்பது எதுவோ அதுவே நிலைநிறுத்தி என்பது செண்ட் தொழிலாரின் வரையறை. அவர்கள் அதற்குச் சாம்பிராணியும் கஸ்தூரியும் சேர்த்தனர். ஔவையார் ஒரு பாட்டைச் சேர்த்தார். எது நன்றாக நிறுத்தியது என்பது கண்கூடு.

அரசன் கையாதலால் நின்றது, எளியவர் கைக்கு இது செல்லுமோ எனின், விடை அப்பாடலின் இறுதியிலேயே உள்ளது. நீர்த்துறையில் பூத்து, யாரும் சூடாமல் வாடிப்போகும் பகன்றைப் பூவைக் காட்டி, பிறருக்கு ஒன்றும் கொடாமல் மாயும் உயிர்கள் மிகப் பல என்று முடிக்கிறார் ஔவையார். அரசர்களிலும் சூடப்படாத பூ உண்டு என்பதே அதன் பொருள். வேறுவகையிற் கூறின், அது பூட்டுவோர் இனத்தைப் பற்றிய முதல் கண்டனம். பீரோவைப் பற்றி ஔவையார் அறியாவிட்டாலும் பீரோ மனத்தை அறிந்திருந்தார்.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

ஒன்று. செண்ட் பாட்டில்களின்மேல் மணிக்கணக்குக்குப் பதிலாக ஊர்ப்பெயர் அச்சிடப்படல் வேண்டும். "தீவட்டிப்பட்டி வரை உத்தரவாதம்" என்றிருந்தால் வாங்குபவன் ஏமாற மாட்டான். சேலத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன் வேறு பாட்டில் எடுப்பான்.

இரண்டு. குளித்து, துவட்டி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, அதன்மேல் அடிக்க. மணிக்கட்டைத் தேய்க்கற்க.

மூன்று. வாசம் இருக்கிறதா என்று பூசியவர் தாமே தீர்மானிக்கலாகாது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்க. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையசைத்தால் இருக்கிறது என்று பொருள்.

நான்கு. பீரோவிலுள்ள ஃபாரின் செண்ட்டுகள் அடுத்து வரும் முகூர்த்தத்துக்குள் வெளியே எடுக்கப்படல் வேண்டும். சித்தப்பா உயிரோடிருந்தால் அவருக்கே முதலில் ஒரு தடவை அடிக்க.

ஐந்து. ஈராயிரம் ஆண்டு நிற்கும் வாசம் வேண்டுவோர் பாட்டிலை மாற்றிப் பயனில்லை. கையை எடுத்துப் பிறர் தலையில் வைக்கப் பழக வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தலையில் கைவைப்பதில் இரண்டு வகை இருப்பதையும், நம் காலத்தில் அரசியலார் முதல் சீட்டுக் கம்பெனியார் வரை இரண்டாம் வகையிலேயே தேர்ச்சி பெற்றிருப்பதையும் மறத்தலாகாது. முதல் வகையையும் தெரிந்தவர் தலையில், கேட்டுக்கொண்டு செய்க. முன்பின் தெரியாதவர் தலையை ஓடும் பேருந்தில் தடவினால் அதியமான்கோட்டைக் காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டிவரும். அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.